பட்டுக்கு உரைகல், பாட்டுக்கு மட்டும் விலைச்சீட்டா?

டிஸ்கி: நான் சவுண்ட் இன்ஜினியர் கிடையாது. பி.காம். மூன்றாம் வருஷம். இந்த ஹெட்ஃபோன் சமாச்சாரத்துக்குள்ள விழுந்து ஒன்றரை வருஷம்தான் ஆகுது. அதனால இதை நிபுணர் கருத்துன்னு நினைச்சிடாதீங்க. சுத்தமான வயித்தெரிச்சல். நேரம் இருக்கிறவங்க மேலே படிக்கலாம் :-)

போன மாசம் கேன்டீன்ல நடந்தது. எங்க செட்டுல ஒருத்தன், சாயங்காலம் பட்டுக்கடையில பில் போடுற வேலை பார்க்கிறவன், ரொம்ப ஆசையா கேட்டான்: "மச்சி, பத்தாயிரம் சேர்த்து வெச்சிருக்கேன். பாட்டு கேட்க நல்ல ஹெட்ஃபோன் ஒண்ணு சொல்லுடா." நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பக்கத்துல இருந்த இன்னொருத்தன் முந்திக்கிட்டான். "பத்தாயிரத்துக்கு நல்லதுன்னு ஒண்ணும் வராதுடா. இன்னும் ஆறு மாசம் பொறு. இருபத்தஞ்சு ஆக்கு. அப்புறம் ஒரு ஆம்ப், ஒரு டி.ஏ.சி., நல்ல கேபிள். இல்லேன்னா வாங்கவே வாங்காதே, வேஸ்ட்."

கேட்டவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்கணும் நீங்க. ஒரு சீசன் முழுக்க ராத்திரி பத்து மணி வரைக்கும் நின்னு சம்பாதிச்ச காசு. அதை ஒரே நிமிஷத்துல "ஒண்ணுக்கும் உதவாது"ன்னு ஆக்கிட்டான் ஒருத்தன். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் யாரோ இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்தச் 'சொல்லிக் கொடுக்கிற' பாடத்தைத்தான் இந்தப் பதிவுல கிழிக்கப் போறேன்.

பாடம் இதுதான். ஹெட்ஃபோன்ல படிக்கட்டு மாதிரி நிலைகள் இருக்கு. கீழ்ப்படி ஆரம்பக்காரனுக்கு. நடுப்படி ரசிகனுக்கு. மேல்படி ஞானிக்கு. விலை ஏற ஏற ஒலி ஏறும். நடுப்படியில நிக்கிறவன் எப்பவும் மேல்படியைப் பார்த்துக்கிட்டே நிக்கணும்.

என் வாதம் சின்னது. இந்தப் படிக்கட்டு பொய். அதிலும் நம்ம ஊர்க்காரங்க இதை நம்புறது ரெட்டைப் பொய்.

ஏன் நம்ம ஊர்னு சொல்றேன்? சின்ன காஞ்சிபுரத்துல வரதர் கோயில்ல இருந்து நாலு தெரு தள்ளி எங்க வீடு. வீட்டுல குழித்தறி. அப்பா கோர்வைப் புடவை நெய்யறவர். ஒரு புடவைக்கு ரெண்டு பேர் பதினஞ்சு நாளுக்கு மேல உக்காரணும். எங்க தெருவுல சின்னப் பசங்களுக்குக்கூட அசல் சரிகை எது, போலி எது தெரியும். சரிகையைச் சுரண்டினா உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியணும். நடுவுல பட்டு நூல், அதைச் சுத்தி தட்டையாக்கின வெள்ளிக் கம்பி, மேல தங்க முலாம். தங்கம்னு பேர்தான், எடையில ஒரு சதவீதம்கூடத் தேறாது. அதையும் நாம மறைக்கிறதில்லை. உரைச்சுப் பார்க்கலாம், கருவியில வெச்சுப் பார்க்கலாம். சரிகைக்குன்னே தமிழ்நாடு சரிகை நிறுவனம்னு அரசு நிறுவனம் இந்த ஊர்லயே இருக்கு. 2004ல சில்க் மார்க் வந்தது. 2005-06ல காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது.

இவ்வளவும் எதுக்கு? எங்க சிலபஸ்ல வர்ற ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ல எழுதின கட்டுரை ஒண்ணு இருக்கு. பழைய கார் சந்தையை வெச்சு அவர் சொன்னது: விக்கிறவனுக்குச் சரக்கோட தரம் தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாதுன்னா, மோசமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையை விட்டே துரத்திடும். இந்த வழியில போன ஆராய்ச்சிக்குத்தான் 2001ல அவருக்கு நோபல் பரிசுல பங்கு கிடைச்சுது. வகுப்புல இதை நடத்தும்போது எனக்குக் கார் ஞாபகம் வரலை, போலிச் சரிகைதான் ஞாபகம் வந்தது. போலிச் சரிகையால அடிபட்ட ஊர் இது. அதனாலதான் நமக்கு உரைகல் வேண்டியிருந்தது.

இப்போ கேள்வி. பட்டுப்புடவைன்னா பத்துத் தடவை திருப்பிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, சீட்டு கேட்கிற நாம, ஹெட்ஃபோன்னா மட்டும் விலைச்சீட்டையே உரைகல்லா எடுத்துக்கிறது எப்படி?

"விலைக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லையா?"ன்னு கேட்பீங்க. 2017ல யெரூன் பிரேபார்ட்ங்கிற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களோட அளவீடுகளை எடுத்து அதைத்தான் பார்த்தார். ஒரு ஹெட்ஃபோன் தாழ்ந்த சத்தம், நடு சத்தம், உயர்ந்த சத்தம் ஒவ்வொண்ணையும் எவ்வளவு பலமா கொடுக்குதுன்னு காட்டுறது அலைவெண் வரைபடம். ஒலி நமக்கு எப்படிப்படும்ங்கிறதுல பெரும்பங்கு இதுக்குத்தான். அந்த வரைபடத்துக்கும் கடை விலைக்கும் தொடர்பு இல்லைங்கிறதுதான் அவர் கண்டது. கட்டுரைத் தலைப்பே கிட்டத்தட்ட அதுதான்.

அப்போ விலை அதிகமானது நல்லா இருக்கிற மாதிரித் தோணுதே, அது? 1994ல ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ரெண்டு பேரும் ஹார்மன் கம்பெனியில ஒரு சோதனை பண்ணாங்க. அந்தக் கம்பெனி ஊழியர்கள் 40 பேரை உக்கார வெச்சு ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னாங்க. ஒரு தடவை கண்ணால பார்த்துக்கிட்டு, ஒரு தடவை திரைக்குப் பின்னால வெச்சு. பார்த்துக்கிட்டுக் கேட்டப்போ பெரிசா, விலை கூடுதலா இருந்ததுக்கு மார்க் அள்ளிக் கொட்டினாங்க. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிடுச்சு. ஆடியோ கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கே இந்தக் கதின்னா, நீயும் நானும் எம்மாத்திரம்?

இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. காது தனியா கேட்கிறதில்லை. கண்ணும் பர்ஸும் சேர்ந்துதான் கேட்கும். இது தெரிஞ்சவன் உஷாரா இருப்பான், அவ்வளவுதான்.

இனி என் சொந்த அனுபவம். போன வருஷம் சென்னையில ஒரு கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். கையில பன்னிரண்டாயிரம், டியூஷன் எடுத்த காசு. கடைக்கார அண்ணன் ரொம்ப அன்பானவர். முதல்ல என் பட்ஜெட்டுக்கு ஒண்ணு, அப்புறம் "சும்மா கேட்டுப் பாரு தம்பி"ன்னு இருபத்தெட்டாயிரத்துக்கு ஒண்ணு. ரெண்டாவது காதுல ஏறினதும் அப்படியே தூக்கிப் போட்டுது. கிட்டத்தட்ட இ.எம்.ஐ. ஃபாரம் வரைக்கும் போயிட்டேன். அப்போதான் ஒண்ணு கவனிச்சேன். வால்யூமை அவர் மாத்தவே இல்லை. ஆனா ரெண்டாவது சத்தம் அதிகமா இருந்தது. அதோட சென்சிட்டிவிட்டி அதிகம், அதே வால்யூம்ல பலமா பாடும். கொஞ்சம் சத்தமா கேட்டா பாஸும் ட்ரெபிளும் நிறைவா தோணும். ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933லேயே அளந்து எழுதி வெச்ச சங்கதி இது.

"அண்ணே, ரெண்டையும் ஒரே சத்தத்துல வெச்சுக் கேட்கலாமா?"ன்னேன். ஒரு மாதிரி பார்த்தார். மொபைல்ல டெசிபல் ஆப் போட்டு, மைக்கைக் காதுக் குமிழுக்குள்ள வெச்சு, குத்துமதிப்பா சரி பண்ணேன். மறுபடி கேட்டா, அந்தப் 'பதினாறாயிரம் ரூபாய் வித்தியாசம்' ட்ரெபிள் கொஞ்சம் தூக்கலா இருக்கிறதுதான். எனக்கு அது பிடிக்கக்கூட இல்லை.

அடுத்து அவர் எடுத்தது வெள்ளிக் கேபிள். "செம்பை விட வெள்ளியில உயர்ந்த ஸ்தாயி பளிச்னு வரும் தம்பி." சரிகை ஊர்க்காரன்கிட்ட வெள்ளியைப் பத்திப் பேசினா எப்படி இருக்கும்? வெள்ளியோட மின்தடை செம்பை விட 5, 6 சதவீதம் குறைவு, உண்மைதான். ஆனா ஒன்றரை மீட்டர் கம்பியோட மொத்தத் தடையே ஹெட்ஃபோனோட 32 ஓம், 300 ஓமுக்கு முன்னால தூசு. அந்தத் தூசுல 5 சதவீதம் குறைஞ்சா காதுக்கு என்ன தெரியப் போகுது? எங்க ஊர்ல வெள்ளியை எடை போட்டு வாங்குவோம். 'பளிச்'சுன்னு யாரும் வாங்க மாட்டோம். அந்தக் கேபிள் விலை, எங்கப்பா ஒரு புடவைக்கு வாங்குற கூலியை விட அதிகம். அதைக் கேட்டப்போதான் எனக்கு நிஜமாவே கோபம் வந்தது.

அந்த இ.எம்.ஐ. பத்தியும் ஒரு வார்த்தை. 'வட்டியில்லா தவணை'ன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல சுற்றறிக்கை விட்டிருக்கு. வட்டி எங்கேயாவது ஒளிஞ்சிருக்கும்: கிடைக்க வேண்டிய தள்ளுபடியில, இல்லை பிராசஸிங் கட்டணத்துல. காமர்ஸ் படிக்கிற நாமளே இதுல விழுந்தா எப்படி?

அப்புறம் 'பர்ன்-இன்'. "புதுசுல நல்லா இருக்காது, 100 மணி நேரம் ஓட விடு, திறந்துக்கும்." கணக்கு போடுங்க. தினம் ரெண்டு மணி நேரம் கேட்டா 100 மணிக்கு 50 நாள். திருப்பிக் கொடுக்கிற கெடு ஏழு நாளோ பத்து நாளோ. கெடு முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆனதும் 'திறந்துக்கும்'. திறந்துக்கிறது ஹெட்ஃபோன் இல்லை சாமி, அதுக்குப் பழகிப்போன நம்ம மூளை. முதல் நாள் பிடிக்காதது, ஏழாவது நாளும் பிடிக்கலேன்னா திருப்பிக் கொடுத்துடுங்க.

'ஹை-ரெஸ்' ஸ்டிக்கர் விஷயமும் இதே மாதிரிதான். 2007ல மேயர், மோரான் ரெண்டு பேரும் உயர்தர டிஸ்க் ஒலியையும், அதே ஒலியை சிடி தரத்துக்கு இறக்கினதையும் எதுன்னு சொல்லாம கேட்க வெச்சாங்க. 554 தடவையில 276 தடவைதான் சரியா சொன்னாங்க. காசு சுண்டிப் போட்டாலே அவ்வளவு வரும். நியாயமா மறுபக்கத்தையும் சொல்லிடறேன். 2016ல ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ 52 சதவீதத்தை ஒட்டி வந்தது, பயிற்சி உள்ளவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஆக வித்தியாசம் இருந்தாலும் இவ்வளவுதான். முதல் ஹெட்ஃபோன் வாங்குறவன் இதுக்குத் தனியா காசு கொடுக்கணுமா?

சரி, ஆம்ப் மேட்டருக்கு வருவோம். "300 ஓம்னா ஆம்ப் இல்லாம பாடாது" என்பது வேதவாக்கு மாதிரி சுத்துது. சென்ஹைசர் எச்.டி. 650, 2003ல வந்தது, 300 ஓம். கம்பெனி கொடுக்கிற கணக்குப்படி 1 வோல்ட் கொடுத்தா 103 டெசிபல். இன்னைக்கு மொபைல்ல சொருகுற சின்ன டாங்கிள்களே பல 1 வோல்ட் தருது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாதுகாப்பு அளவு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல்னா வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். 103 பத்தலேன்னா பிரச்சினை ஆம்ப்ல இல்லை, உங்க பழக்கத்துல. ஆம்ப் நிஜமாவே தேவைப்படுற ஹெட்ஃபோனும் இருக்கு. ஹைஃபைமேன் எச்.இ.-6 மாதிரி, 50 ஓம்தான், ஆனா மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். ஆக ஓமை மட்டும் பார்த்து பயப்படாதீங்க, சென்சிட்டிவிட்டியையும் சேர்த்துப் பாருங்க.

இப்போ இந்தப் பதிவுல எனக்கு ரொம்ப முக்கியமான இடம். இந்த ஞானிங்க எல்லாரும் சொல்ற முதல் மந்திரம்: "ஓப்பன்-பேக் வாங்கு. அதுதான் இயல்பான ஒலி." பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன். வெளிச் சத்தம் உள்ளே வரும், உள் சத்தம் வெளியே போகும். தனி ரூம், ஏசி, நிசப்தம் இருக்கிறவனுக்கு அது சரி. எங்க வீட்டுல காலையில இருந்து தறி தட்டுது. பக்கத்து வீட்டுலயும் தட்டுது. தெருவுல பஸ் ஹார்ன். ஓப்பன்-பேக் போட்டா என்ன ஆகும்? தறிச் சத்தத்தை மீற வால்யூமை ஏத்துவேன். ஏத்த ஏத்தக் காது போகும்.

எங்க பெரியப்பா இருபது வருஷத்துக்கு மேல விசைத்தறி ஷெட்டுல வேலை பார்த்தவர். இன்னைக்கு அவர்கிட்ட மூணு தடவை சொன்னாத்தான் ஒரு தடவை விழும். நாதஸ்வரம்னா உயிரை விடுறவர். வைகாசி கருட சேவைக்கு விடியக்காலையில எங்களை எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போனவர். இப்போ மேளம் நடக்கும்போது தவில் மட்டும்தான் நல்லாக் கேக்குதுன்னு சொல்றார். அவருக்கு வேற வழி இல்லை, வயித்துக்காகக் காதைக் கொடுத்தார். நாம பாட்டு ரசிக்கிறோம்னு சொல்லி, காசும் கொடுத்து, காதையும் கொடுக்கணுமா? 'நல்ல ஒலி'ன்னு ஒருத்தன் சொல்லும்போது, எந்த வீட்டுல உக்காந்து கேட்கிற நல்ல ஒலின்னு நாம திருப்பிக் கேட்க வேண்டாமா?

எனக்குத் தேவை வெளிச் சத்தத்தைத் தடுக்கிறது. அதாவது மூடின ஹெட்ஃபோன், இல்லேன்னா காதுக்குள்ள இறுக்கமா உக்காருற இயர்ஃபோன். வெளிச் சத்தம் குறைஞ்சா வால்யூம் தானா குறையும். என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் ஆடியோஃபைல்தனம்.

எதிர்க்கட்சிக்கும் பதில் சொல்லணும். "வரைபடம் பார்த்து வாங்குறவன் காது இல்லாதவன், கேட்டுப் பார்த்துத்தான் வாங்கணும்"னு ஒரு கோஷ்டி. பாதி உண்மை. ஒவ்வொருத்தர் காது மடலும் வேற. உயர்ந்த அலைவெண்கள்ல அளவீட்டையே ரொம்ப நம்ப முடியாது. கண்ணாடி போட்டவனுக்குக் காதுக் குமிழ் சரியா மூடாது, பாஸ் ஓடிப் போயிடும். இதெல்லாம் வரைபடத்துல வராது. ஆனா இதே மாதிரி, உரைகல்லுல தேறின புடவை எல்லாமே உங்கம்மாவுக்குப் பிடிக்கும்னு யாராவது சொன்னாங்களா? உரைகல் போலியைக் கழிச்சுவிடும். மிச்சத்துல எது வேணும்னு மனசு சொல்லும். வரைபடம் வடிகட்டி, காது தீர்ப்பு.

இன்னொரு கோஷ்டி இன்னும் மோசம். "உனக்கு வித்தியாசம் தெரியலேன்னா உன் காது பழகலை." இதுக்கு மேல ஒரு திமிர் இல்லை. எங்க அப்பா தலைமுறை டீக்கடை டேப் ரிக்கார்டர்லயும் பஸ் ஸ்பீக்கர்லயும் கேட்டே இளையராஜாவோட பாஸ் கிட்டார் வரிசையை முணுமுணுத்தாங்க. 1992ல 'ரோஜா' வந்தப்போ ஏதோ புதுச் சத்தம்னு கண்டுபிடிச்சவங்க கையில ஆயிரம் டாலர் ஹெட்ஃபோன் இல்லை. காது பழகுறது பாட்டு கேட்டு. பொருள் வாங்கி இல்லை.

அதுக்காக "ரோட்டோரம் 300 ரூபாய் இயர்ஃபோனே போதும்"னு நான் சொல்லலை. நல்ல ஹெட்ஃபோன் நிஜமாவே சந்தோஷம். இளையராஜாவோட 1986 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துல வயலின்கள் தனித்தனியா பிரிஞ்சு நிக்கிறதை முதல் தடவை கேட்டப்போ ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூங்கலை. ஸ்ரீதர் மாதிரி ஒலிப்பதிவாளர்கள், 2008ல மறைஞ்சவர், தேசிய விருதெல்லாம் வாங்கினவர், ரஹ்மான் பாட்டுகள்ல ஒளிச்சு வெச்ச நுணுக்கங்களைக் கேட்க ஒரு நியாயமான கருவி வேணும்தான். நியாயமான கருவிக்கு நியாயமான விலைன்னு ஒண்ணு இருக்குங்கிறதுதான் என் கட்சி.

கேன்டீன் நண்பனுக்கு நான் சொன்னது இதுதான்:

1. முதல்ல இடத்தை முடிவு பண்ணு. சத்தமான வீடா? மூடினது. நிசப்தமா? திறந்தது. இதுக்கப்புறம்தான் பிராண்டு.

2. இணையத்துல இலவசமா அளவீடு போடுறவங்க இருக்காங்க. ஒரே மாடலுக்கு ரெண்டு பேர் வரைபடமாவது பாரு. ஷான் ஆலிவ் குழு 2013ல இருந்து பண்ண சோதனைகள்ல பெரும்பாலானவங்களுக்குப் பிடிச்ச வளைவுதான் ஹார்மன் வளைவு. அதை ஒட்டி இருந்தா பயமில்லாம ஆரம்பிக்கலாம். அதுவே சட்டம்னு இல்லை.

3. கடையில கேட்கும்போது சத்தத்தைச் சமப்படுத்து. உனக்கு மனப்பாடமான பாட்டைப் போடு, கடைக்காரர் போடுறதை இல்லை. முடிஞ்சா ஒரு நாதஸ்வரப் பதிவும் போடு. சன்னதித் தெருவுல நேர்ல கேட்ட காது உன்னோடது, அதை விட நல்ல உரைகல் எங்கே கிடைக்கும்?

4. அரை மணி நேரம் தலையில வெச்சுப் பாரு. சித்திரை வெயில்ல ரெக்ஸின் குமிழ் வேர்த்து ஊத்தும், துணிக் குமிழ் பரவாயில்லை, ஆனா வெளிச் சத்தத்தை அவ்வளவு தடுக்காது. உறுத்துற ஹெட்ஃபோன் எவ்வளவு நல்லா பாடினாலும் அலமாரிக்குத்தான் போகும்.

5. கழட்டி மாட்டுற கேபிள், தனியா கிடைக்கிற குமிழ் இருக்கான்னு பாரு. சோனி எம்.டி.ஆர்.-7506 1991ல வந்தது, சென்ஹைசர் எச்.டி. 600 1997ல வந்தது, ரெண்டும் இன்னும் விக்குது. ஹெட்ஃபோன் மொபைல் இல்லை, வருஷா வருஷம் பழசாகாது.

6. ஆம்ப், டி.ஏ.சி. எதுவும் முதல் நாள் வேண்டாம். இலவச ஈக்வலைசர் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஈக்வலைசர் ஏ.பி.ஓ., ஆண்ட்ராய்டுல வேவ்லெட். ஆம்ப் கொடுக்காத மாற்றத்தை இது காசில்லாம கொடுக்கும்.

7. மிச்சக் காசை மிச்சம் வை. இல்லேன்னா கச்சேரிக்குப் போ.

அவன் கடைசியில ஏழாயிரத்துக்குள்ள மூடின ஹெட்ஃபோன் ஒண்ணு வாங்கினான். மாடல் பேர் கேட்காதீங்க. பேரைச் சொன்னா இவ்வளவு நேரம் கத்தினது வேஸ்ட், எல்லாரும் பேரை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க. மிச்சம் மூவாயிரத்துல அவங்க அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்தான். பட்டு இல்லை, காட்டன்தான். அதையும் கடையில நூல் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கினானாம் :-)

பெரியப்பாவுக்கு என் ஹெட்ஃபோனை ஒரு நாள் மாட்டிவிட்டேன். நாதஸ்வரம் போட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்தார். "சத்தம் கூட்டுடா"ன்னார். கூட்டலை. ஈக்வலைசர்ல மேல்ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் தூக்கி விட்டேன். "ம்ம், இப்போ சீவாளி கேக்குது"ன்னார்.

வர்ட்டா.